பேஸ் கிட்டாருக்குப் பிக்கப் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூலில் குடியிருக்கிறேன். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் மெல்லிசைக் குழுக்களோடு பேஸ் வாசிக்கிறேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, தேவாலய ஆராதனை என்று எங்கே வாசித்தாலும், முடிந்து கேபிளைச் சுருட்டும் நேரத்தில் ஒரு தம்பி வந்து நிற்பான்: "அண்ணே, பிக்கப் மாத்தலாம்னு இருக்கேன்..." பினாங்கு நண்பர்களிடமிருந்து குரல்பதிவுகளும் வரும். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, கீழே பதிலை எழுதியிருக்கிறேன்.

பிக்கப்னா என்ன அண்ணே, உள்ளே இருக்கிற மைக்கா?

மைக் இல்லை. மைக் காற்றின் அதிர்வைக் கேட்கும். பிக்கப்புக்குக் காற்று தெரியாது. உள்ளே காந்தம் இருக்கிறது, அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கிறது. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ.தான். மேலே இரும்பு ஸ்ட்ரிங் அசைந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். அதுதான் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்குப் போகிறது.

அதனால் ஸ்ட்ரிங்கில் இரும்பு இருந்தே ஆக வேண்டும். மேலே நைலான் சுற்றிய கறுப்பு ஸ்ட்ரிங் போட்டால் சத்தம் வருமா என்று சிலர் பயப்படுவார்கள். வரும், நடுவில் எஃகுக் கம்பி ஓடுகிறது.

மாத்தினா சவுண்டு எவ்வளவு மாறும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. முதலில் உங்கள் விரலும், ஸ்ட்ரிங்கை எந்த இடத்தில் மீட்டுகிறீர்கள் என்பதும். அப்புறம் ஸ்ட்ரிங்கின் வகையும் வயதும். அப்புறம் பிக்கப்பின் உயரம், ஆம்ப், ஸ்பீக்கர். இவ்வளவுக்கும் பிறகுதான் எந்தப் பிக்கப் என்ற கேள்வி வருகிறது. கிள்ளானிலிருந்து ஒரு தம்பி பேஸைக் கொண்டுவந்தான். சத்தம் செத்துப்போச்சு, புதுப் பிக்கப் போடணும் என்றான். ஸ்ட்ரிங்கைத் தொட்டேன், விரலில் கறுப்பு ஒட்டியது. மூன்று வருடமாக மாற்றவில்லையாம். பிக்கப்போ பாடிக்குள் அமுங்கிக் கிடந்தது. புது ஸ்ட்ரிங் போட்டு, திருப்புளியால் பிக்கப்பைத் தூக்கிக் கொடுத்தேன். அரைமணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, காசை மிச்சம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பிக்கப் உட்காரும் இடம் மரத்தில் குடைந்த குழி. நெக் (இடது கை பிடிக்கும் கழுத்து) பக்கம் இருந்தால் ஸ்ட்ரிங் அகலமாக அசையும், சத்தம் உருண்டையாக வரும். பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கின் முனையைத் தாங்கும் உலோகப் பகுதி) பக்கம் போகப் போக இறுக்கமாக, மூக்கால் பேசுவதுபோல வரும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாடலில் பிரிட்ஜ் பிக்கப்பை 1970களில் பிரிட்ஜை நோக்கிச் சுமார் 1 செ.மீ. தள்ளினார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரைக் காதால் பிரித்துச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் பிரிட்ஜ் குழியில் எவ்வளவு விலை கொடுத்து எதைப் போட்டாலும் ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸின் சத்தம் வராது. "என் சத்தத்தில் என்ன குறை?" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் வாங்கும் நேரம் வரவில்லை.

சரி, அந்த உயரத்தை எப்படி வைக்கணும்?

கடைசி ஃபிரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடியுங்கள். ஸ்ட்ரிங்கின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் காந்தத் தலைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். தடித்த ஈ ஸ்ட்ரிங் பக்கம் சுமார் 3 மி.மீ., மெல்லிய ஜி ஸ்ட்ரிங் பக்கம் சுமார் 2.5 மி.மீ. என்று தொடங்கி, காதால் கேட்டுக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள்.

சத்தம் வேண்டுமே என்று ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது. காந்தம் ஸ்ட்ரிங்கைத் தன் பக்கம் இழுக்கும், சுருதி நடுங்கும், மேல் ஃபிரெட்டுகளில் ஒரே நேரத்தில் இரண்டு சுருதி கேட்பதுபோல இருக்கும். பிக்கப்புக்கு அடியில் உள்ள பஞ்சு நைந்துபோனால் திருகைத் திருப்பினாலும் பிக்கப் மேலே வராது. வீட்டில் கிடக்கும் கெட்டிப் பஞ்சை வெட்டி வைத்தால் போதும்.

என் பேஸ்ல என்ன பிக்கப் இருக்குன்னே தெரியலையே?

பார்த்தாலே தெரியும். இரண்டு சின்னத் துண்டு, முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்திருந்தால் அது பிரிசிஷன் வகை. ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது ஒற்றைச் சுருள்தான் இருந்தது. இப்போது நாம் பார்க்கும் பிளந்த வடிவம் 1957இல் வந்தது. நீளமான ஒல்லித் துண்டு இரண்டு இருந்தால் ஜாஸ் வகை. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. பெரிய காந்தத் தலைகள் இரண்டு வரிசையாக, பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு தடித்த பிக்கப் என்றால் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வகை, 1976. மேலே எதுவும் தெரியாத கறுப்புப் பெட்டி என்றால் சோப்பார். சவர்க்காரக் கட்டி போல இருப்பதால் அந்தப் பெயர்.

சோப்பார் பெட்டிக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம்: ஒற்றைச் சுருள், இரட்டைச் சுருள், பிளந்த சுருள். வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எல்லா ஜாஸ் பிக்கப்பும் ஒரே சைஸ்தானே?

இல்லை, இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். ஃபெண்டர் அளவில் நெக் பக்கத்துப் பிக்கப் சுமார் 92 மி.மீ., பிரிட்ஜ் பக்கத்தது சுமார் 95 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, குழிக்குத் தெரியும். குறைந்த விலை பேஸ்களில் சிலவற்றில் இரண்டுமே ஒரே நீளம். வாங்கும் முன்பு பழையதைக் கழற்றி, ஸ்கேல் வைத்து அளந்து, காகிதத்தில் வரைந்து வையுங்கள்.

சோப்பாருக்கு ஈஎம்ஜி என்ற பிக்கப் நிறுவனத்தின் அளவுகளையே பலரும் பின்பற்றுகிறார்கள். 35 என்றால் 3.5 அங்குலம், 40 என்றால் 4 அங்குலம், 45 என்றால் 4.5 அங்குலம், அகலம் மூன்றுக்கும் 1.5 அங்குலம். நாலு ஸ்ட்ரிங் பேஸுக்குப் பெரும்பாலும் 35, ஐந்துக்கு 40. மரத்தைக் குடைந்து குழியைப் பெரிதாக்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. குடைந்த மரம் திரும்ப வராது.

கிலோ ஓம் எண் பெருசா இருந்தா சத்தமும் பெருசுதானே?

அப்படியொரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அந்த எண் கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். சுற்று அதிகமானால் எண் ஏறும், கம்பி மெல்லியதானாலும் எண் ஏறும். இரண்டில் எது நடந்தது என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே கம்பி, ஒரே காந்தம், சுற்று மட்டும் கூடியது என்றால் சத்தம் கூடும். கூடவே மேல் சுரங்களின் பளபளப்பு குறைந்து நடுப்பகுதி தடிக்கும். சாதாரணமாகப் பிரிசிஷன் வகை 10, 11 கிலோ ஓம் பக்கம் இருக்கும், ஜாஸ் வகை 7, 8.

இந்த எண் நோய் பார்க்க நன்றாக உதவும். பேட்டரி இல்லாத பேஸில் கேபிளைச் செருகி, குமிழ்களை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பேஸைத் திறக்காமலே அளவு கிடைக்கும், உள்ளே உள்ள 'பாட்' (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) காரணமாகக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். இரண்டு ஜாஸ் பிக்கப்பும் திறந்திருந்தால் பாதிதான் காட்டும். பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாக மூடி அளங்கள். பிரிசிஷன் வகையில் பத்துக்குப் பதில் இருநூற்றைம்பது பக்கம் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது. அந்த இருநூற்றைம்பது, 'பாட்' உடைய எண்.

அல்னிகோ நல்லதா, செராமிக் நல்லதா?

இரண்டும் காந்தம்தான். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். பழைய பேஸ்களின் சத்தம் வேண்டும் என்பவர்கள் அல்னிகோ 5 என்று தேடுவார்கள். செராமிக் வலுவான காந்தம், ஸ்ட்ரிங்கை மீட்டியதும் எழும் முதல் ஒலி கூர்மையாக வரும். ஆனால் காந்தத்தை மட்டும் வைத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பது, உப்பை மட்டும் வைத்துக் குழம்பைச் சொல்வதுபோல.

பேட்டரி போடுற ஆக்டிவ் பிக்கப் வாங்கினா இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதா?

சில தொல்லை போகும், சில புதிதாக வரும். ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்குள்ளேயே சின்ன ஆம்ப் இருக்கிறது, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரைச்சல் குறைவு, நீளமான கேபிளில் சத்தம் மங்காது. 'பாட்' அளவும் மாறும்: சாதாரணப் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஈஎம்ஜிக்கு 25 கிலோ ஓம். பழைய பாட்டையே விட்டால் குமிழ் சுவிட்ச் மாதிரி நடந்துகொள்ளும். கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் மொத்தமும் வந்துவிடும். ஒருபக்கம் ஈஎம்ஜி, மறுபக்கம் பழைய பிக்கப் என்றும் சிலர் வைப்பார்கள். சேர்த்துத் திறந்தால் ஆக்டிவ் ஆள் மற்றவரை அமுக்கிவிடும், பாட்டும் ஒருவருக்குத்தான் பொருந்தும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

பேட்டரி குழியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாசிக்காதபோது கேபிளைப் பிடுங்கி வையுங்கள், செருகியிருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கல்யாண மேடையில், மாப்பிள்ளை பெண் உள்ளே நுழையும் பாட்டின் நடுவில் என் பேஸ் இருமத் தொடங்கியது. அன்றிலிருந்து பையில் எப்போதும் புதுப் பேட்டரி ஒன்று இருக்கும்.

வீட்ல சும்மா இருக்கு, மேடைக்குப் போனா ஒரே "உம்ம்". பிக்கப் மாத்தினா போயிடுமா?

இரைச்சலில் இரண்டு சாதி உண்டு. அடியில் தொடர்ந்து ஒலிக்கும் உம்ம், காந்தப்புலத்தால் வருவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஒற்றைச் சுருள் அதை அப்படியே பிடிக்கும். பேஸைப் பிடித்தபடி மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஏறி இன்னொரு திசையில் இறங்கினால் இந்தச் சாதிதான். இதற்குப் பிக்கப் மாற்றுவது சரியான மருந்து. பிரிசிஷன் வகையில் இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் உம்ம் தானே அழிந்துவிடும். ஜாஸ் வடிவத்திலேயே இரைச்சல் நீக்கும் பிக்கப்புகள் இருக்கின்றன, டிமார்ஸியோ நிறுவனத்தின் மாடல் ஜே அவற்றில் ஒன்று. சாதாரண ஜாஸ் ஜோடியிலும் ஒன்றைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பியிருப்பார்கள். இரண்டு குமிழையும் ஒரே அளவில் திறந்தால் உம்ம் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும்.

இன்னொரு சாதி, மேலே "ஸ்ஸ்ர்ர்" என்று உரசுவது. மேடை விளக்கின் டிம்மர், மலிவான எல்ஈடி பலகை, ஜெனரேட்டர். கோயில் திருவிழாவில் இது மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். இதற்குக் குழிக்குள் செம்புத் தாள் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொது முனை) இணைக்க வேண்டும். தாள்கள் ஒன்றோடொன்று மின்சாரம் கடத்துகின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கடத்தாத பசை என்றால் சேருமிடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். இந்தத் தாள் முதல் சாதி உம்முக்கு ஒன்றும் செய்யாது. இது தெரியாமல் பேஸ் முழுக்கச் செம்பு ஒட்டிவிட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர்.

ஸ்ட்ரிங்கைத் தொட்டா இரைச்சல் நிக்குது. ஷாக் அடிக்குமா?

தொட்டால் நிற்பது நல்ல அடையாளம்தான். பிரிட்ஜிலிருந்து ஓர் ஒயர் கிரவுண்டுக்குப் போகிறது. தொடும்போது உங்கள் உடம்பும் கவசத்தோடு சேர்ந்துகொள்கிறது. தொடும்போது இரைச்சல் ஏறினால் அந்த ஒயரைப் பாருங்கள், பெரும்பாலும் அறுந்திருக்கும் அல்லது ஈயம் விட்டிருக்கும்.

ஷாக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். ஸ்ட்ரிங் கிரவுண்டோடு இணைந்திருப்பதால், ஆம்ப்பின் எர்த் கெட்டிருந்தால் அங்கே கசியும் மின்சாரம் ஸ்ட்ரிங்குக்கே வரும். ஒரு கை ஸ்ட்ரிங்கில் இருக்க, பின்பாட்டு பாட உதடு மைக்கைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். மழையில் நனைந்த திறந்தவெளி மேடையில் அது உயிருக்கே ஆபத்து. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை யாரும் பிடுங்கவோ சுற்றி மறைக்கவோ விடாதீர்கள். ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். வாசிக்கும் முன்பு மைக் தலையை டெஸ்ட் பென்னால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். விரலில் லேசாக ஊசி குத்துவதுபோல் இருந்தாலே வாசிப்பதை நிறுத்தி, மின்சாரத்தை அணைக்கச் சொல்லுங்கள். பிக்கப் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

பிரிசிஷனும் ஜாஸும் சேர்ந்த பேஸ். ரெண்டையும் திறந்தா சத்தம் ஒல்லியா போயிடுது, ஏன்?

தனித்தனியாக நன்றாக இருந்து, சேர்த்தால் அடிப்பகுதி காணாமல் போனால் இரண்டும் எதிர்த் திசையில் தள்ளுகின்றன. வேறு வேறு நிறுவனத்துப் பிக்கப்புகளைச் சேர்க்கும்போது அடிக்கடி நடக்கும். ஏதாவது ஒன்றின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள், சத்தத்தின் உடம்பு திரும்பி வரும். உலோக மூடி உள்ள பிக்கப்பாக இருந்தால், மூடியின் கிரவுண்டைத் தனியாகப் பிரித்த பிறகு மாற்றுங்கள்.

ஜாஸ் பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது என்பார்கள். பிரிசிஷனைத் தாழ்த்தி ஜாஸைத் தூக்குங்கள், முன்பு சொன்ன அளவிலிருந்து தொடங்கி. ஜாஸை மட்டும் திறந்தால் உம்ம் வருகிறதா? அது தனி ஒற்றைச் சுருள், துணைக்கு ஆள் இல்லை. இந்தக் கலவைக்கு நான் எப்போதும் இரைச்சல் நீக்கும் ஜாஸ் பிக்கப்பையே சொல்வேன்.

புதுசு போட்ட பிறகு ஒரு வால்யூமை மூடினா ரெண்டுமே செத்துப்போகுது. பிக்கப் கெட்டதா?

பிக்கப்பில் ஒன்றும் இல்லை, பாட்டில் ஒயர் இடம் மாறியிருக்கிறது. இரண்டு வால்யூம் உள்ள பேஸில் பிக்கப்பின் ஒயர் பாட்டின் நடுக்காலுக்கு வர வேண்டும், வெளியே போகும் ஒயர் ஓரக்காலிலிருந்து. ஒற்றை வால்யூம் பேஸில் இது நேர்மாறு. ஒற்றை வால்யூமுக்கான ஒயரிங் படத்தைப் பார்த்து இதைச் செய்திருப்பீர்கள். இரண்டு ஒயரை மாற்றினால் முடிந்தது.

அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்ல கீழ் ஸ்ட்ரிங் கொழகொழன்னு இருக்கு. நல்ல பிக்கப் போட்டா இறுகுமா?

இறுகாது. அந்த ஸ்ட்ரிங்கின் அடிச்சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸ், ஈ சுமார் 41. கொழகொழப்புக்குக் காரணம் ஸ்ட்ரிங்கின் இழுவிசை. கொஞ்சம் தடித்த ஸ்ட்ரிங் போடுங்கள். வீட்டில் இருக்கும் சின்ன ஆம்ப்பில் அந்தச் சுரம் முழுசாக வெளியே வரவும் வராது, பெரிய ஸ்பீக்கரில் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

சத்தம் மட்டும் குறைவாக இருந்தால், காந்தத் தலைகள் ஸ்ட்ரிங்குக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்று பாருங்கள். தள்ளி இருந்தால், தனித் தலைகளுக்குப் பதிலாக நீளமான ஒரே பட்டை உள்ள பிக்கப் உதவும்.

பினாங்குல கடலோரமா வீடு. பிக்கப் துரு பிடிச்சிருச்சு, தூக்கிப் போடணுமா?

தலையில் மட்டும் பழுப்பாக இருந்தால் சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. உப்புக்காற்றும் நம் ஊர் ஈரப்பதமும் உள்ளே இறங்கினால்தான் வம்பு. ஜார்ஜ்டவுன் நண்பர் ஒருவரின் பழைய ஜாஸ் பிக்கப்பை என் சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைக் கழற்றினேன். காந்தத்தைத் தொட்டுச் சுற்றியிருந்த முதல் அடுக்குக் கம்பியில் துரு ஏறி, பச்சை பூத்திருந்தது. மல்டிமீட்டர் எதுவும் காட்டவில்லை. அறுந்த நுனி வெளி அடுக்கில் இருந்தால் எடுத்துப் பற்றவைக்கலாம். உள் அடுக்கில் என்றால் திரும்பச் சுற்றத்தான் வேண்டும். பழைய, மதிப்புள்ள பிக்கப்புக்கு அந்தச் செலவு தகும். சாதாரணமானதற்குப் புதிதே மேல்.

வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடையுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

எங்க வாங்குறது? ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்குதே?

பெயருள்ள பிக்கப் பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஒருமுறை அப்படி ஒரு ஜோடி வாங்கினேன். பெட்டியும் ஒட்டுத்தாளும் அசல் மாதிரியே இருந்தன, உள்ளே தனிக் காந்தங்களுக்குப் பதில் இரும்பு ஆணியும் அடியில் ஒட்டிய ஒரு காந்தப் பட்டையும். விற்றவர் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். முடிந்தால் முகவர் கடையில் வாங்குங்கள், அல்லது பழைய பொருளை நேரில் போய், மல்டிமீட்டரோடு.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். பாட், கெபாசிட்டர், ஒயர், ஈயம் எல்லாம் புடு பக்கம் ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும். பிரிசிஷன், ஜாஸ் இரண்டுக்கும், டோன் குமிழில் போட 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கேளுங்கள்.

நானே பற்றவைக்கலாமா?

தாராளமாக. கழற்றும் முன்பு கைப்பேசியில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஸ்ட்ரிங்கை முழுக்கக் கழற்றாமல் தளர்த்தி ஒதுக்கினாலும் வேலை நடக்கும். பாட்டின் முதுகில் கிரவுண்டு ஒயரை ஒட்டுவதுதான் கஷ்டம், உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும். முதுகை உப்புத்தாளால் தேய்த்து, நல்ல சூடான சால்டரிங் அயனை வைத்து, ஈயம் தண்ணீர் மாதிரி பரவியதும் எடுங்கள். குளிர்ந்த ஈயம் மங்கலாக, உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

திருப்புளி காந்தத்துக்குப் பக்கத்தில் போகும்போது பிடியை இறுக்குங்கள். சட்டென்று இழுபட்டுச் சுருளில் குத்தினால், வாங்கிய அன்றே பிக்கப் போய்விடும்.

கடைசியா ஒண்ணு அண்ணே, நீங்களா இருந்தா எதை வாங்குவீங்க?

எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள், திருவிழா மேடை என்றால் பிளந்த பிரிசிஷன், அல்னிகோ 5, அதிகம் சுற்றாத சுருள். சீமோர் டங்கன் நிறுவனத்தின் எஸ்பிபி-1 அந்த வகை. மேலே வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷனில் அந்த ஸ்ட்ரிங்கைத்தான் வாசித்தார். தபேலாவும் தவிலும் கூட இருக்கும்போது பேஸ் தன் இடத்தில் உட்காரும், யாரோடும் முட்டாது. ஒற்றைச் சுரத்தையும் தனித்துப் பேசவைக்க வேண்டும், விரல் ஓடவேண்டும் என்றால் ஜாஸ் ஜோடி. பிரிட்ஜ் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வாசியுங்கள். இன்னொரு அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃபிரெட் இல்லாத ஜாஸ் பேஸில் அந்தப் பக்கத்தைப் பேசவைத்தார்.

எதை வாங்கினாலும், கழற்றிய பிக்கப்பை எறியாதீர்கள். எந்தப் பேஸ், எந்தப் பக்கம், எத்தனை கிலோ ஓம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். என் டப்பாவில் இப்போது பதினொன்று இருக்கின்றன. அதில் மூன்று, ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் தங்கள் பழைய பேஸுக்கே போய்விட்டு வந்தவை.